சின்ன காஞ்சிபுரத்துக் கலங்கரை விளக்கம்

நான் அரபிக்கடலில் ஒரு சரக்குக் கப்பலைச் செலுத்திக்கொண்டிருந்த அதே பகல் பதினோரு மணிக்கு, சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் லுங்கியோடு படுத்து வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டும் இருந்தேன். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. வெள்ளரிப்பிஞ்சுக்கு என் மனைவி சாட்சி. கப்பலுக்கு முத்திரையோடு காகிதமே இருந்தது. அரசாங்கம் எதை நம்பும் என்று உங்களுக்கே தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசி. அன்று அமாவாசை. எங்கள் தெருவில் அமாவாசைக்குத் தறி ஓடாது. மற்ற நாட்களில் விடிந்ததிலிருந்து பலகை அடிக்கும் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கும். காது பழகிப்போய் அது கேட்பதே இல்லை. நின்றால்தான் கேட்கும். அந்த மௌனம் அன்று காதை அடைத்துக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள்.

மனைவி திறந்தாள். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கையில் கொய்யாப்பழம் நிறைந்த பை.

"கப்பல் சார் வீடு இதானாமா? வாலாஜாபாத்திலிருந்து வர்றேன்."

"இதான். உள்ள வாமா."

"என் வீட்டுக்காரரும் கப்பல்லதாமா இருக்காரு. உங்க வீட்டு சார்கூட, ஒரே கப்பல். நம்ம ஊர்க்காரர் மூணாவது ஆபீசரா இருக்காரு, நீ போய் அவங்க வீட்டைப் பார்த்துட்டு வான்னு லெட்டர் போட்டிருக்காரு."

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினேன்.

"எந்த சாரும்மா?"

அந்தப் பெண் என் பெயரைச் சொன்னாள். இனிஷியலோடு, சரியாக.

"அவருதான் இதோ படுத்துக்கினு இருக்காரே!"

வந்தவள் என்னைப் பார்த்தாள். சுவரில் நான் வெள்ளைச் சீருடையோடு நிற்கும் போட்டோவைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, எடுத்து வைத்த காலை வாசற்படிக்கு வெளியே இழுத்துக்கொண்டாள்.

"இவரு... சாரோட அண்ணனாமா?"

"ஏன், தம்பி மாதிரி தெரியலியா?" என்றேன்.

எனக்குப் பயம் வந்தால் கூடவே ஒரு நக்கல் வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மற்றவர்களுக்கு வியர்க்கும், எனக்கு வாய் ஓடும். அன்று இரண்டும் நடந்தது.

எழுந்து உட்கார்ந்து அவள் நீட்டிய கடிதத்தை வாங்கினேன். கப்பலின் பெயரை இரண்டு முறை படித்தேன். மூன்று மாதத்துக்கு முன் நான் ஏறவேண்டியிருந்த கப்பல் அது. சென்னையில் ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு ஏஜென்ட் என் காகிதங்களையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, பத்து நாள் கழித்து, "கப்பல் கேன்சல் சார், அடுத்ததுல ஏத்தறேன்" என்றிருந்தான். நானும் நல்லதாய்ப் போயிற்று என்று வெள்ளரிப்பிஞ்சு தின்ன வந்துவிட்டேன்.

கடிதத்தில் அவள் கணவர் பென்சிலால் எழுதியிருந்தார். அவர் சுக்கான் பிடிக்கும் மாலுமி. காலை எட்டிலிருந்து பன்னிரண்டு, இரவு எட்டிலிருந்து பன்னிரண்டு, மூன்றாம் அதிகாரியின் காவல் நேரம். அந்த எட்டு மணி நேரமும் இருவரும் பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் மேல்தளத்து அறையில், ஒன்றாக நிற்பார்கள்.

"சார் தமிழ் ஒரு மாதிரி பேசுவார். ஆனால் நல்ல மனுஷன். தூரத்தில் கப்பல் தெரிந்தால் வாகனம் பேர் வைத்துச் சொல்வார். எண்ணெய்க் கப்பல் வந்தால் யானை வாகனம். பெட்டிக் கப்பல் வந்தால் கருடன். மீன் படகு எல்லாம் ஹம்சம். எனக்கு நம்ம ஊர் உற்சவத்தில் நிற்பது போலவே இருக்கும்."

நான் கடிதத்தை மடித்தேன். திரும்பப் பிரித்தேன். எழுத்து மாறவில்லை.

அது என் விளையாட்டு. நடுக்கடலில் தூக்கம் வராமல் இருக்க நானே கண்டுபிடித்தது. வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை. மனைவிக்கே தெரியாது.

"இன்னாங்க, மூஞ்சி வெளுத்துக்கினு போவுது?"

"ஒண்ணுமில்ல. நான் எப்படி இருக்கேன்னு எழுதியிருக்காரு. நல்லா இருக்கேனாம்."

அந்தப் பெண்ணுக்கு ஒரு பொய் சொன்னேன். அதே பெயரில் வேறு ஒருவர், இனிஷியலும் ஒன்று, நாங்கள் இருவருமே இந்தப் பக்கத்து ஆட்கள் என்றேன். அவள் தலையாட்டினாள். போகும்போது படியில் நின்று, "அந்த சார் நல்லா கப்பல் ஓட்டுவாருங்களா? என் வீட்டுக்காரருக்கு நீச்சல் அவ்வளவா வராது சார். எனக்கு அதான் பயம்" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லா ஓட்டுவாருமா. எனக்குத் தெரியும்" என்றேன்.

அவள் போனதும் குளியலறைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். நாடி பிடித்துப் பார்த்தேன். பெட்டியைத் திறந்து என் தகுதிச் சான்றிதழை எடுத்து, அதில் இருந்த போட்டோவும் கண்ணாடியில் இருந்தவனும் ஒருவர்தானா என்று ஒப்பிட்டேன். போட்டோவில் இருந்தவன்தான் அதிகாரி போல இருந்தான்.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒவ்வொரு கப்பலிலும் கண்ணாடி போட்டு ஒரு காகிதம் மாட்டியிருக்கும். இந்தக் கப்பல் துறைமுகத்தை விட்டு நகரவேண்டும் என்றால் குறைந்தபட்சம் இத்தனை பேர், அதில் இந்தத் தகுதியுள்ள அதிகாரிகள் இத்தனை பேர், எஞ்சினுக்கு இத்தனை பேர் என்று அதில் இருக்கும். ஒரு தலை குறைந்தாலும் கயிறு அவிழ்க்கக் கூடாது. எங்கள் தெருவில் இதை விளக்க வேண்டியதே இல்லை. உடலும் கரையும் வேறு நிறமாகக் கோக்கும் கோர்வைப் புடவை நெய்ய, மறுபக்கத்தில் கரைக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் வராவிட்டால் தறி சும்மா நிற்கும். சட்டை மாட்டிய பொம்மையை அங்கே உட்கார வைத்துவிட்டு நெய்ய முடியாது. கப்பலில் முடியும் என்று யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். அந்தச் சட்டை என்னுடையது.

அது எப்படி அவர்கள் கைக்குப் போயிற்று என்பதுதான் என் அசட்டுத்தனம். அந்தக் காலத்தில் எந்த நகலுக்கும் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி ஒருவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தவேண்டும். என் பள்ளிக்கூடத் தோழன் ஒருவன் கால்நடை மருத்துவராக இருந்தான். ஒவ்வொரு முறையும் அலையச் சோம்பல்பட்டு, ஒரே நடையில் இருபது செட் நகலைத் தூக்கிக்கொண்டு அவனிடம் போனேன். அவன் ஒரு எருமைக்கு ஊசி போடுவதற்கும் அடுத்த எருமைக்கு ஊசி போடுவதற்கும் நடுவில் அத்தனையிலும் குத்தித் தந்தான்.

"யோவ், மாட்டுக்குக் குடுக்கிற சர்டிபிகேட்டுக்கும் உனக்குக் குடுக்கிறதுக்கும் ஒரே சீல்தான்யா. கப்பல்காரன் பார்த்துட்டு உன்னைத் தொழுவத்துல கட்டிடப் போறான்."

பாதி செட்டை ஏஜென்டிடம் அப்படியே கொடுத்திருந்தேன், ஒரு டஜன் போட்டோவோடும், தேதி போடாத விண்ணப்பத்தில் என் கையெழுத்தோடும். கப்பலோ ஏதோ ஒரு சின்னத் தீவு நாட்டில் பதிவாகி அதன் கொடியில் ஓடுவது. அந்த நாட்டு அலுவலகம் நகலைப் பார்த்தே தன் பங்குக்கு ஒரு அங்கீகாரப் புத்தகம் கொடுத்துவிடும். அதில் என் பெயரை எழுதி வேறொருவன் போட்டோவை ஒட்ட எத்தனை நேரம் ஆகும்?

தெருமுனை எஸ்டிடி பூத்திலிருந்து ஏஜென்டுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாளும் அப்படித்தான். நேரில் போனேன். அவன் ஆபீஸ் இருந்த அறையில் ஒருவர் துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். போன் எங்கே என்று கேட்டேன். "அது அடிச்சிக்கினே இருக்குது சார். யாருதுன்னு தெரியல" என்றார்.

அப்போதே சென்னையில் அரசாங்கக் கப்பல் அலுவலகத்தில் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். உன் கையெழுத்து, உன் நகல், நீயே விற்றாயா? சான்றிதழை முடக்கினால் பத்து வருஷ உழைப்பு போய்விடும். அதனால் வீரத்தோடு வீட்டில் ஒளிந்துகொண்டேன்.

ஆனால் தினமும் காலை எட்டு மணியானால் உடம்பு ஒரு மாதிரி ஆயிற்று. காபி டம்ளரில் காபி லேசாக ஒரு பக்கம் சாய்வது போல இருக்கும். மொட்டைமாடிக்குப் போவேன். வரதர் கோயில் கோபுரம் வெயிலில் நிற்கும். நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, எங்கோ என் பெயரில் ஒருவன் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அதே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தோன்றும். நான் இடது காதை இழுப்பேன், அது என் பழக்கம். அவனும் இழுக்கிறானா என்று நினைப்பேன். பன்னிரண்டு மணிக்கு எனக்குப் பசிக்கும். எங்கள் இருவருக்கும்.

"மாடியிலயே நின்னுக்கினு இருக்கீங்களே, எந்தக் கப்பல் வருது?" என்று மனைவி கீழேயிருந்து கேட்பாள். "யானை வாகனம்" என்று வாய் வரைக்கும் வந்துவிடும்.

அடுத்த அமாவாசைக்கு முன்பே அந்தப் பெண் மறுபடி வந்தாள். கொய்யாப்பழம் இல்லை. உட்காரவும் இல்லை.

"இதைப் படிங்க சார்."

இரண்டாவது கடிதத்தில் எழுத்து நெருக்கியடித்திருந்தது. ஒரு நாள் காலை மூட்டம். திடீரென்று நேர் எதிரே ஒரு பெரிய கப்பல். அந்த நேரத்தில் அதிகாரி செய்யவேண்டியது எதிரே வருவதன் போக்கைக் கணித்து, எந்தப் பக்கம் எத்தனை பாகை என்று உத்தரவு கொடுப்பது. சுக்கானைப் பிடிப்பவன் அதன்படி திருப்புவான். இந்த அதிகாரி உத்தரவே கொடுக்கவில்லை. ஓடிவந்து மாலுமியைத் தள்ளிவிட்டு சுக்கானைத் தானே பிடித்துக்கொண்டுவிட்டார். இரண்டு கையாலும், கண்ணை மூடிக்கொண்டு. வெளியே பார்க்க யாரும் இல்லை. எதிர்க்கப்பல் ஊதிக்கொண்டே உரசுகிற தூரத்தில் கடந்து போயிற்று.

"பிறகு சாரை சிரிக்க வைக்கலாம் என்று ஊர்ப் பேச்சு எடுத்தேன். சின்ன காஞ்சிபுரத்தில் தன் வீடு கடலைப் பார்த்த வீடு என்றார். அங்கே ஒரு கலங்கரை விளக்கம் உண்டாம், கப்பல்கள் குளத்தில் நங்கூரம் போடுமாம். ஆபீசர்கள் இப்படித்தான் கேலி செய்வார்கள் போல. ஆனால் அவர் சிரிக்காமல் சொன்னார்."

படித்து முடித்தபோது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முந்தைய கப்பலில் எனக்குச் சுக்கான் பிடித்தவர். வேறொரு கரையோரத்து மனிதர், என்னைவிட வயதில் மூத்தவர், அதிகம் பேசமாட்டார். ஒன்பது மாதம் தினம் எட்டு மணி நேரம் என் பக்கத்தில் நின்று, முன்னால் பார்த்தபடியே நான் அளப்பதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் துறைமுகம் இருக்கிறது, கோபுரத்து விளக்குதான் கலங்கரை விளக்கம், உற்சவத்தன்று கப்பல்கள் கொடி கட்டும் என்று அவரிடம் அள்ளிவிட்டவன் நான்தான். வாகன விளையாட்டையும் அவர் காதுபடத்தான் ஆடினேன். அவர் சிரித்ததே இல்லை. ரசிகர் இல்லை என்று நினைத்தேன். அவர் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். என் பெயர் கிடைத்ததும், நான் சொன்ன ஊரோடு சேர்த்தே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

கை பழகியது சுக்கானில். பயம் வந்ததும் கை அங்கேதான் போகும்.

"சார்," அந்தப் பெண் கேட்டாள், "எனக்கு வேற எதுவும் வேணாம். அந்தாளு கையில என் வீட்டுக்காரரை விட்டு வைக்கலாமா? அதை மட்டும் சொல்லுங்க."

என் வாய் ஒரு நக்கலைத் தேடியது. கிடைக்கவில்லை.

"விட்டு வைக்கக் கூடாதுமா" என்றேன்.

கடிதத்தில் அடுத்த துறைமுகம் எழுதியிருந்தது. நம் மேற்குக் கரையிலேயே ஒன்று, இன்னும் பதினோரு நாள். மறுநாள் அசல் சான்றிதழ்களோடு சென்னைக்குப் போய்க் கப்பல் அலுவலகத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்த அதிகாரி நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதாவது நீங்க கப்பல்ல இருக்கீங்க."

"இல்ல சார், இங்க இருக்கேன்."

"காகிதத்துல கப்பல்ல இருக்கீங்களே. இங்க இருக்கீங்கன்னு ஏதாவது காகிதம் இருக்கா?"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். இங்கே உட்கார்ந்திருப்பவன் நான்தான் என்று அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி ஒருவர் எழுதித் தரவேண்டுமாம். காஞ்சிபுரம் பஸ் பிடித்துக் கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன்.

"உயிரோட இருக்கிறதுக்கா, நீதான்றதுக்கா?" என்று கேட்டான் தோழன்.

"ரெண்டுக்கும் சேர்த்துப் போடுபா."

பச்சை மையில் எழுதினான். எழுதி முடித்துவிட்டு என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான். "நீதானே?" என்றான். அந்தக் கேள்வி அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பாக இல்லை.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்துக்கு அந்தத் தீவு நாட்டுக் கோப்பிலிருந்த நகல் பேக்ஸில் வந்தது. என் விவரங்கள் எல்லாம் சரியாக இருந்தன. போட்டோ இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கருப்புச் சதுரம். பேக்ஸ் இயந்திரம் முகத்தை முழுக்க விழுங்கியிருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு கறை.

"இது என்ன?"

"சாணி சார். எருமை."

அதுதான் என்னைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். அப்படி ஒரு பதிலை யாரும் இட்டுக்கட்ட மாட்டார்கள். நான் அந்த மனிதரின் உண்மைப் பெயரையும் ஊரையும் எழுதிக் கொடுத்தேன். என் கவனக்குறைவுக்கு விளக்கக் கடிதமும் எழுதினேன். துறைமுகத்துக்குச் செய்தி போயிற்று.

கப்பல் கரை சேரும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. தறிச் சத்தம் நின்றால் திடுக்கிட்டேன், ஓடினாலும் திடுக்கிட்டேன். எட்டு மணிக்கு மாடிக்குப் போய், "கண்ணைத் திறந்து வெச்சிக்கோ, உத்தரவு குடு, சுக்கானைத் தொடாதே" என்று கோபுரத்தைப் பார்த்துச் சொன்னேன். பக்கத்து மாடியில் பாவு நூல் காயப்போட்டுக்கொண்டிருந்தவர் அதற்குப் பிறகு எனக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

இருபது நாள் கழித்து வாலாஜாபாத்துப் பெண் வந்தாள். பின்னால் அவள் கணவர். கறுத்து மெலிந்த மனிதர். முழுசாக, நனையாமல், வீட்டு வாசலில் நின்றார். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஒரு பத்து நிமிஷம் நான் நல்லவன் என்று தோன்றியது.

அவர் உள்ளே வரத் தயங்கினார்.

"சார்... நீங்க காதை இழுக்கிறீங்க" என்றார்.

கையைக் கீழே போட்டேன்.

நடந்ததைச் சொன்னார். கப்பல் கரையில் கட்டியிருந்தது. காலையில் அதிகாரிகள் ஏறி எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, மாட்டியிருந்த காகிதத்தையும் ஆட்களையும் ஒப்பிட்டார்கள். என் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் சீருடையில் வந்து நின்று, இருக்கிறேன் என்றார். அசல் சான்றிதழைக் காட்டச் சொன்னார்கள். அறையில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று போனார். வரவில்லை.

"போய்ப் பார்த்தோம் சார். படுக்கை விரிச்சபடி இருந்தது, ஒரு சுருக்கம் இல்ல. அதுமேல யூனிபார்ம் மடிச்சு வெச்சிருந்தது. ஷூகூட அடியில ஜோடியா இருந்தது. இறங்குற படியில காவலுக்கு ரெண்டு பேர் நின்னாங்க, யாரும் இறங்கலன்னு சத்தியம் பண்றாங்க."

"தேடலியா?"

"யாரைன்னு சார் தேடறது? அந்தப் பேருக்கு உரியவர் காஞ்சிபுரத்துல வீட்ல இருக்காருன்னு அவங்க கையில காகிதம் இருந்தது. ஆள் குறையலன்னுட்டாங்க. தகுதியுள்ள வேற ஆபீசர் வர்ற வரைக்கும் கப்பல் நகரக் கூடாதுன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க."

என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் டம்ளரைத் தொடவில்லை.

"ஒண்ணு சொல்லணும் சார். அந்த மூட்டத்துக்கு அப்புறம், கடைசி வாரத்துல, நான்தான் விளையாட்டாச் சொன்னேன், நம்ம ஊர்ல ஏது சார் கடல், ஏது கலங்கரை விளக்கம்னு. அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தாரு. 'அப்போ அவரும் பொய்தானா'ன்னு கேட்டாரு. யாரு சார்னு கேட்டேன். பைனாகுலரை எடுத்துட்டு வெளிய போயிட்டாரு. அதுக்கப்புறம் வாகனம் பேர் சொல்றதை விட்டுட்டாரு."

என் பழைய சுக்கான்காரரின் ஊருக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். அப்படி யாரும் இல்லை என்று தபால்காரரின் கிறுக்கலோடு திரும்பி வந்தது. அலுவலகத்தில் கேட்டேன், அவருடைய பதிவுப்படி பழைய கப்பலிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார், அதற்குப் பிறகு எங்கும் ஏறவே இல்லை. ஏறாதவர் எப்படிக் காணாமல் போவார்? நான் இருக்கிறேன் என்று எழுதித் தர எனக்கு ஒரு மாட்டு டாக்டராவது இருந்தான்.

அடுத்த வருஷம் நான் மறுபடி கப்பல் ஏறினேன். இந்தமுறை நகல் ஒவ்வொன்றிலும் எதற்காக, எந்தக் கப்பலுக்கு என்று குறுக்கே எழுதிக் கொடுத்தேன். ஒரு காலைக் காவலில் கடல் தட்டையாகக் கிடந்தது. சுக்கானில் ஒரு புது மாலுமி, அப்போதுதான் வேறொரு கம்பெனியிலிருந்து வந்தவர். எந்த ஊர் சார் என்று கேட்டார். நான் திருந்தியவன் அல்லவா, உள்ளதைச் சொன்னேன். காஞ்சிபுரம், கடலே கிடையாது, பட்டும் கோயிலும்தான்.

அவர் முன்னால் பார்த்தபடியே சிரித்தார்.

"சும்மா சொல்லாதீங்க சார். போன கப்பல்ல ஒரு ஆபீசர் உங்க ஊருதான். அங்க கலங்கரை விளக்கம் இருக்குதுன்னு அவரே சொன்னாரு."

"எப்போ?"

"ஆறு மாசம் இருக்கும்."

"அவர் பேர் என்ன?"

அவர் சொல்லத் தொடங்குவதற்குள் என் இரண்டு கைகளும் சுக்கானை இறுக்கிப் பிடித்திருந்தன. எப்போது அங்கே போனேன் என்று எனக்குத் தெரியாது. கண் மூடியிருந்தது.

"விடுங்க சார்" என்றது பக்கத்தில் ஒரு குரல், மெதுவாக. "நான்தான் பிடிச்சிக்கினு இருக்கேனே. நீங்க வெளிய பாருங்க."